கடைவீதியில் ஒலித்த குரல்

என் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. சாவி கொடுத்து, ஊசி மாற்றி, தட்டை வைக்கும் உரிமை தாத்தாவுக்கு மட்டுமே உண்டு. நான் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்வேன். பாட்டைக் காட்டிலும் தட்டின் நடுவில் இருந்த படந்தான் எனக்கு வேடிக்கை. ஒரு வெள்ளை நாய் குழாயின் வாய்க்கு எதிரே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். தட்டு சுழலும்போது நாயும் சுழலும்.

"அதுக்குத் தலை சுத்தாதா, தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டுக் கேக்கிறவங்களுக்குத் தலை சுத்தாதுடா" என்றார்.

அந்த நாயின் பெயர் நிப்பர் என்பதும், அதற்கு லண்டன் மாநகரில் ஒரு பெரிய கடை இருந்தது என்பதும் பல வருஷங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடையின் கதையையும், அதோடு சேர்ந்த ஒரு கடைவீதியின் கதையையும் இங்கே சொல்லப் போகிறேன். அதில் என் பங்கு ஒன்றும் உண்டு. அது பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல.

பிரான்ஸிஸ் பாரோ என்ற ஓவியர், பழைய உருளை யந்திரத்தின் முன் நாய் உட்கார்ந்து கேட்பதாகத்தான் முதலில் படம் எழுதினார். லண்டன் கிராமபோன் கம்பெனியார், "எங்கள் யந்திரத்தைப் போட்டு எழுதிக் கொடும், வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள். அப்படியே செய்தார். 1899-ஆம் ஆண்டில் படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன், ஆக 100 ஆங்கிலப் பவுனுக்கு நாய் கைமாறியது. 1902-இல் கம்பெனியின் ஆள் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாடகர்களைப் பதிவு செய்தார். 1908-இல் அங்கேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது. இப்படித்தான் நிப்பர் எங்கள் தாத்தா வீட்டுக் கூடம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

1921-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் 363-ஆம் எண் கட்டடத்தில் அந்தக் கம்பெனி தன் கடையைத் திறந்தது. திறந்து வைத்தவர் எட்வர்ட் எல்கார். அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த சங்கீத கர்த்தா. 1937 டிசம்பரில் கடை தீப்பற்றி எரிந்தது. 1939-இல் மறுபடி எழுந்தது. வாங்குவதற்கு முன் தட்டைப் போட்டுக் கேட்பதற்கென்று தனியறைகள் இருந்தன. கேட்டுவிட்டு வாங்காமல் போவோரும் உண்டு. அவர்களை யாரும் துரத்தவில்லை. இன்று கேட்டவர் நாளை வாங்குவார் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

இனி லிவர்பூலுக்குப் போவோம். என் மகள் குடியிருக்கும் ஊர் அது. அந்நகரின் நடுவே ஒயிட்சேப்பல் என்று ஒரு தெரு உண்டு. லண்டனிலும் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது; இது வேறு. 1960-களில் இந்த ஒரு தெருவிலேயே சங்கீதம் சம்பந்தப்பட்ட எல்லாம் கிடைத்தன. 1828-இல் தோன்றிய ரஷ்வொர்த் குடும்பத்தாரின் வாத்தியக் கடை அங்கே இருந்தது. நடந்து போகும் தூரத்தில் 'நெம்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடை. அதை நடத்தியவர் பிரையன் எப்ஸ்டைன் என்ற இளைஞர். தட்டு எதுவானாலும், எவ்வளவு அபூர்வமானாலும், ஒருவர் கேட்டுவிட்டால் தேடி வரவழைத்துக் கொடுத்தே தீருவது என்பது அவருடைய விரதம்.

1961 அக்டோபரில் ஒரு பையன் வந்து, ஜெர்மனியில் வெளியான ஒரு தட்டைக் கேட்டானாம். வாசித்தவர்கள் பெயர் பீட்டில்ஸ். எப்ஸ்டைன் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டார், தேடினார். தேடப்பட்டவர்கள் இருநூறு கஜ தூரத்தில் ஒரு நிலவறையில் மத்தியான வேளைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்! நவம்பர் 9-ஆம் தேதி அங்கே போய்க் கேட்டார். அவர்களுக்கு நிர்வாகியும் ஆனார். இதை அவரே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

பிறகு நடந்தது இன்னும் விசேஷம். லண்டனில் ஒரு பெரிய கம்பெனி அந்தப் பையன்களை வேண்டாமென்று தள்ளிவிட்டது. 1962 பிப்ரவரியில் எப்ஸ்டைன் கையில் ஒலிநாடாவோடு ஆக்ஸ்போர்டு தெரு நாய்க் கடைக்கு வந்தார். நாடாவைத் தட்டாக வெட்டிக்கொண்டால் கம்பெனிகளுக்குப் போட்டுக் காட்டச் சௌகரியம் என்பது தவிர வேறு எண்ணம் அவருக்கு இல்லை. தட்டு வெட்டிய பொறியாளருக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது. அதே கட்டடத்தின் மாடியிலிருந்த இசைப் பதிப்பாளரிடம் சொன்னார். அவர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு வழிகாட்டினார். அதற்குமேல் நடந்தது உலகம் அறிந்தது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் யாரும் யாரையும் தேடிப் போகவில்லை. ஒருவன் தட்டு வாங்கப் போனான். ஒருவர் தட்டு வெட்டப் போனார். கடை என்று ஓர் இடம் இருந்தது. அதில் காது கொடுத்துக் கேட்கும் மனிதர்கள் இருந்தார்கள். கடைவீதி என்பது பண்டம் விற்கும் இடம் மட்டும் அல்ல. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் உபயோகப்படும் இடமும் அதுதான்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன்.

2006-இல் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். ஒரு சந்தில் சின்ன இசைத்தட்டுக் கடை ஒன்றைக் கண்டேன். கடைக்காரர் என் வயதுக்காரர். எல்கார் இயற்றிய வயலின் கச்சேரி இசையை 1932-இல் பதினாறு வயது யெஹூதி மெனுஹின் வாசித்து, எல்காரே நடத்திய பதிவு உண்டா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. குறுந்தட்டை எடுத்துப் போட்டார்; உட்கார நாற்காலி கொடுத்தார்; தேநீரும் வந்தது. முக்கால் மணி நேரம் இருவரும் பேசாமல் கேட்டோம். விலை 12 பவுன். "நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாப்பிள்ளை கணிப்பொறியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "8 பவுனுக்கே கிடைக்கிறது, மாமா. ஜெர்சி தீவிலிருந்து தபாலில் வரும். வரி கிடையாது" என்றார். 18 பவுனுக்கு உட்பட்ட பண்டம் அந்தத் தீவுகளிலிருந்து தபாலில் வந்தால் விற்பனை வரி இல்லை என்று சட்டத்தில் ஒரு சந்து. ஊருக்குள் கடை வைத்திருப்பவரோ பதினேழரை சதவிகிதம் வரி கட்ட வேண்டும். பெரிய வியாபாரிகள் பலர் தீவில் கிடங்கு போட்டு அந்தச் சந்தில் புகுந்துவிட்டார்கள். நானும் புகுந்தேன். மூன்றாம் நாள் தட்டு வந்தது. அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கம் போக எனக்கு வெட்கமாக இருந்தது, போகவில்லை.

2010-இல் மறுபடி போனபோது அந்தக் கடையின் கதவில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கியது. 2012 ஏப்ரலில் சர்க்கார் அந்த வரிச் சலுகையை நிறுத்தியது. யாருக்காக?

என் 4 பவுனால் மட்டும் கடை மூடவில்லை என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். உண்மையும் அதுவே. 1961-இல் லிவர்பூலின் ஜனத்தொகை ஏறக்குறைய 7.5 லட்சம், 2001-இல் 4.4 லட்சம். ஆள் குறைந்தால் கடைவீதி எப்படித் தாங்கும்? ஷெபீல்டு போன்ற நகரங்களுக்கு வெளியே, கார் நிறுத்த வசதியோடு அங்காடி மாளிகைகள் எழுந்தன. பல்பொருள் அங்காடிகள் அரிசி பருப்போடு பிரபலமான தட்டுக்களையும் மலிவாக விற்றன. 1999-இல் கணிப்பொறி வழியாகப் பாட்டை இலவசமாகப் பகிரும் வித்தை வந்தது. பாட்டுக்குத் தட்டே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஒரு கடை சாய்ந்தால் அடுத்ததும் சாய்கிறது. 1909-இல் லிவர்பூலில் பிரிட்டனின் முதல் உல்வொர்த் கடை திறந்தது. 800-க்கும் மேற்பட்ட கிளைகளோடு இருந்த அந்த நிறுவனம் 2008 நவம்பரில் நொடித்து, 2009 ஜனவரி 6-இல் கடைசிக் கதவையும் மூடியது. ஏறக்குறைய 27,000 பேர் வேலை இழந்தார்கள். அதன் துணை நிறுவனத்திடம் தட்டு வாங்கி விற்ற 'ஸாவி' என்ற சங்கிலிக் கடைகளும், சரக்கு வராமல் அந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாளே திவாலாயின. ரஷ்வொர்த் வாத்தியக் கடை 2002-இலேயே மூடப்பட்டிருந்தது. 1962-இல் லென்னனும் ஹாரிஸனும் கிதார் வாங்கிய கடை அது.

நாய்க் கடையும் தப்பவில்லை. 2013-இல் ஒரு முறை, 2018 முடிவில் ஒரு முறை, நிறுவனம் நொடித்துப் போயிற்று. எல்கார் திறந்து வைத்த 363-ஆம் எண் கட்டடத்தில் பிறகு மிட்டாய் விற்றார்கள். ஆனால் புது முதலாளி ஒருவர் நிறுவனத்தை வாங்கி, 2023 நவம்பரில் அதே கட்டடத்தில் அதே கடையை மறுபடி திறந்தார். செய்தியைப் படித்தபோது, தாத்தா கேட்டால் சந்தோஷப்படுவாரே என்று நினைத்துக்கொண்டேன்.

நாய் திரும்பி வந்துவிட்டது. சந்தில் இருந்த என் சிநேகிதர் திரும்பி வரவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த 8 பவுன் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மெனுஹின் அற்புதமாகத்தான் வாசிக்கிறார். இரண்டாம் பகுதி வரும்போது, யாரோ தேநீர்க் கோப்பையை ஓசைப்படாமல் மேஜைமேல் வைப்பது போல எனக்குத் தோன்றும். தட்டை நிறுத்திவிடுவேன்.