பீடமொழியும் பாடமொழியும்: 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கச் சீர்திருத்தத்தில் மக்கள்மொழிகளின் இடம்

1. பொருள் அறிமுகம்

ஒரு மொழியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அதன் ஒலி, சொல், தொடர் ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்களைத் தொகுத்துரைப்பது மரபு. அத்துடன் எழுப்ப வேண்டிய வினா மற்றொன்று உண்டு. ஒரு சமுதாயம் எந்தப் பணியை எந்த மொழியிடம் ஒப்படைக்கிறது? வழிபாடு ஒரு மொழியில், ஆட்சி மற்றொரு மொழியில், வீட்டுப் பேச்சு வேறொரு மொழியில் என்னும் பகிர்வு பல நாடுகளில் உண்டு. ஒரு மொழிக்கு நூல்கள் பெருகுமா, ஆசிரியர் உருவாவரா, எழுத்து அச்சேறுமா என்பதை இப்பகிர்வே பெரிதும் முடிவு செய்கிறது. பன்மொழிச் சூழலில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இது நன்கு தெரிந்த உண்மை.

இத்தகைய மொழிப் பகிர்வை ஒரு பேரவை கூடி விவாதித்துத் தீர்மானமாக எழுதிவைத்த நிகழ்ச்சி 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடந்தது. அதுவே திரெந்து பொதுச்சங்கம். அங்குப் பேசப்பட்ட சமயக் கொள்கைகளின் சரி, பிழையை ஆராய்வது நம் நோக்கமன்று. அச்சங்கம் மொழிகளுக்கு வகுத்த இடத்தையும் அதன் விளைவுகளையும் மட்டுமே இவ்வுரையில் காண்போம்.

2. எதிர்வினையா, மறுமலர்ச்சியா?

1517இல் மார்ட்டின் லூதர் தம் கருத்துரைகளை வெளியிட்டார். அதற்கு விடையாகக் கத்தோலிக்கத் திருச்சபை தன்னைச் சீர்செய்துகொண்டது. பாடநூல்கள் பல இவ்வாறே கூறுகின்றன. 'எதிர்ச் சீர்திருத்தம்' என்னும் பெயரும் இந்தப் பார்வையில் பிறந்ததே. திரெந்து சங்கத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய செருமானிய அறிஞர் உபெர்ட் எடின் 1946இல் இப்பெயரை ஆராய்ந்து, எதிர்வினையும் உள்ளிருந்து எழுந்த சீர்திருத்தமும் ஒருங்கே நிகழ்ந்தன என்று விளக்கினார்.

சான்றுகள் அவர் கருத்துக்கு அரணாகின்றன. இசுபானிய நாட்டுக் கர்தினால் சிசுனேரோசு, லூதருக்கு முன்னரே துறவு மடங்களை ஒழுங்குபடுத்தினார். அல்காலாவில் பல்கலைக்கழகம் நிறுவினார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் மொழிகளில் விவிலியத்தை ஒரே பக்கத்தில் அருகருகே தரும் பன்மொழிப் பதிப்பு அங்கு 1514 முதல் 1517 வரை அச்சிடப்பெற்றது. 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அமைத்த குழு, பதவிகளை விலைபேசுதல், ஆயர்கள் தம் மறைமாவட்டத்தில் தங்காமை முதலிய குறைகளை ஒளிவுமறைவின்றி அவருக்கே எழுதிக் கொடுத்தது. 1540இல் இயேசு சபை ஒப்புதல் பெற்றது.

ஆயினும் லூதர் எழுப்பிய அறைகூவல் சிறிதன்று. 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் முழு விவிலியத்தையும் அவர் செருமானிய மொழியில் வெளியிட்டார். அச்சுக்கூடங்கள் அவற்றை நாடெங்கும் பரப்பின. இறைவாக்கு மக்கள்மொழியில் கிடைக்குமாயின் இலத்தீனின் இடம் யாது என்னும் வினாவுக்கு விடை சொல்லாமல் திருச்சபையால் நகர இயலவில்லை.

3. திரெந்து கண்ட முடிவுகள்

திரெந்து, இத்தாலியமும் செருமானியமும் சந்திக்கும் மலைநாட்டு ஊர். 1545 டிசம்பர் 13 அன்று சங்கம் தொடங்கியபோது வந்திருந்த ஆயர்கள் ஏறத்தாழ 30 பேரே. போரும் நோயும் அரசியலும் குறுக்கிட, இருமுறை இடைநின்று, 18 ஆண்டுகளுக்குப் பின் 1563 டிசம்பர் 4 அன்று அது நிறைவெய்தியது. இறுதி ஆவணங்களில் கையொப்பமிட்டோர் 200க்கு மேற்பட்டோர்.

மொழி தொடர்பான முடிவுகள் படிப்படியாக உருவாயின. 1546இல் வுல்காத்தா எனப்படும் இலத்தீன் விவிலியமே போதனைக்கும் வாதத்துக்கும் உரிய சான்றுநூல் என்று சங்கம் அறிவித்தது. மக்கள்மொழி விவிலியம் பற்றி அப்போது கடுமையான விவாதம் நிகழ்ந்தது. திரெந்தின் ஆயரான கர்தினால் மத்ருசோ மக்கள்மொழிக்காக வாதாடினார். இசுபானியக் கர்தினால் பச்சேக்கோ எதிர்த்தார். ஒரு நாட்டில் வழக்கமாக இருந்தது மற்றொரு நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த காரணத்தால், சங்கம் இதில் பொதுவிதி எதனையும் இயற்றாது விட்டது.

1562 செப்டம்பர் 17 அன்று திருப்பலியின் மொழி பற்றிய முடிவு வந்தது. அதன் சொற்களை நுணுகி நோக்குதல் வேண்டும். மக்கள்மொழியில் திருப்பலி நிறைவேற்றுவது தவறு என்று சங்கம் கூறவில்லை. எல்லா இடங்களிலும் அவ்வாறு செய்வது ஏற்றதாகத் தோன்றவில்லை என்றே கூறியது. மக்கள்மொழியில் மட்டுமே நிறைவேற்ற வேண்டும் என்னும் கருத்தை மறுத்தது. அதே ஆணையில், வழிபாட்டில் வாசிக்கப்படுவதை மக்களுக்கு அடிக்கடி விளக்கிச் சொல்லும் கடமையை அருட்பணியாளர் மீது சுமத்தியது. 1563 நவம்பரில் மேலும் ஒரு படி முன்னேறி, அருளடையாளங்களின் பொருளைத் தேவையான இடங்களில் மக்கள்மொழியில் விளக்க வேண்டும் என்றும், அதற்கான மறைக்கல்வி நூலை ஆயர்கள் மக்கள்மொழியில் பெயர்ப்பிக்க வேண்டும் என்றும் விதித்தது.

பீடத்தின் மொழி இலத்தீன்; பாடத்தின் மொழி மக்கள்மொழி. சங்கம் வகுத்த பகிர்வை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். பீடத்தில் இடம் மறுக்கப்பட்ட மொழிகளுக்குப் பாடத்தில் கிடைத்த இடம் எளிதானதன்று. விளக்கிச் சொல்ல ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நூல் வேண்டும். 1563 சூலையில் இயற்றப்பட்ட குருமட ஆணை இத்தேவையின் ஒரு பகுதியை நிறைவு செய்தது. 12 வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவர்களை, குறிப்பாக வறியோர் பிள்ளைகளை, மறைமாவட்டந்தோறும் சேர்த்து இலக்கணமும் இசையும் மறைநூலும் பயிற்றுவிக்க அவ்வாணை வழிசெய்தது. 1566இல் உரோமை மறைக்கல்வி நூல் பங்குத்தந்தையருக்குரிய ஆசிரியர் கையேடாக வெளிவந்தது.

4. மிலான் நகரத்து ஞாயிற்றுப் பள்ளிகள்

ஆணை இயற்றுவது வேறு, நடைமுறைப்படுத்துவது வேறு. இரண்டுக்கும் இடையிலான தொலைவை மிலான் நகரில் காணலாம். 1565இல் கார்லோ பொரோமேயோ பேராயராக அந்நகரில் வந்து தங்கியபோது, அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பேராயர் எவரும் அங்கு உறைந்ததில்லை. அவர் 6 மாநிலச் சங்கங்களையும் 11 மறைமாவட்டச் சங்கங்களையும் கூட்டினார், குருமடம் நிறுவினார், ஊர் ஊராகச் சென்று பங்குகளைப் பார்வையிட்டார்.

அந்நகரில் 1536 முதலே கிறித்தவப் போதனைப் பள்ளிகள் என்றொரு முயற்சி நடைபெற்று வந்தது. கசுதெல்லீனோ என்னும் குரு அதனைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் பொதுநிலையினரே ஆசிரியராக இருந்து, வினாவிடை வடிவில் அமைந்த இத்தாலியச் சிறுநூலைக் கொண்டு சமயமும் எழுத்தும் சேர்த்துக் கற்பித்தனர். சிறுமியருக்குப் பெண்களே ஆசிரியர். கிழமை நாள்களில் உழைத்துப் பிழைத்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவு பெற அதுவே வழியாயிற்று. பொரோமேயோ இப்பள்ளிகளைப் பங்குதோறும் பரப்பினார். சீர்திருத்தம் மக்களின் வாழ்வைத் தொட்ட இடம் இந்த வகுப்பறையே என்பது நம் கருத்து.

5. மலாக்காவும் முத்துக்குளித்துறையும்

சங்கத்தின் முடிவுகளுக்கு முன்னரே கடல் கடந்து சென்ற இயேசு சபையினர் இதே வழியில் நடக்கத் தொடங்கியிருந்தனர். 1545 டிசம்பரில் திரெந்தில் ஆயர்கள் கூடியபோது, பிரான்சிசு சவேரியார் மலாக்காவில் இருந்தார். அடிப்படை வேண்டுதல்களை மலாய் மொழியில் பெயர்க்கும் பணியில் அங்கு ஈடுபட்டார். அதற்கு முன் 1542 முதல் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில், இருமொழி அறிந்தோர் துணையுடன் அவ்வேண்டுதல்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

மனப்பாடம் போதாது, மொழியறிவு வேண்டும் என்று உணர்ந்தவர் அவர்க்குப் பின் 1547இல் அக்கரைக்கு வந்த என்றிக்கே என்றிக்கசு. அண்டிரிக் அடிகளார் என்று தமிழுலகம் அவரை அறியும். அவர் தமிழைக் கற்றதோடு நில்லாமல், பின்வருவோர் கற்பதற்காகப் போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது அதுவே.

1554இல் லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் தமிழும் அதனோடு போர்த்துகீசியமும் கொண்ட சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சேறியது 1578இல். அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் வெளிவந்தது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1586இல் 'அடியார் வரலாறு' ஆகியன தொடர்ந்தன. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறிய பெருமை தமிழுக்கு இவ்வாறு கிட்டியது.

அந்த முதல் நூல் பீடத்தில் வைத்துப் படிக்கும் வழிபாட்டு நூலன்று. வகுப்பில் வைத்துப் பயிலும் மறைக்கல்வி நூல். திரெந்து வகுத்த எல்லைக்குள் தமிழுக்கு உரியதாக இருந்த இடம் அதுவே. 'தம்பிரான்' என்னும் தமிழ்ச்சொல்லை இறைவனுக்கு ஆண்டதும், கரையோர மக்களின் பேச்சுக்கு அணுக்கமான உரைநடையை மேற்கொண்டதும் கற்போர்க்கு விளங்க வேண்டும் என்னும் நோக்கத்தால் விளைந்தவை.

6. மறுபக்கம்

இச்சீர்திருத்தத்தின் நிழலையும் மறைத்தல் ஆகாது. 1564இல் வெளியான தடைநூற் பட்டியலின் விதிகள், மக்கள்மொழி விவிலியத்தைப் படிக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்றன. கற்பிக்க மக்கள்மொழி வேண்டும், ஆனால் மக்கள் தாமே படித்துப் பொருள் காணலாகாது என்னும் அச்சம் அதில் வெளிப்படுகிறது.

தமிழ் அச்சேறிய அதே மேற்குக் கரையில் மற்றொரு மொழிக்கு நேர்ந்தது வேறு. 1599இல் கோவாவின் பேராயர் மெனேசசு உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், தோமா கிறித்தவர்களின் பழமையான சிரியாக் நூல்களைத் திருத்தவும் அழிக்கவும் ஆணையிட்டது. அவர்தம் வழிபாடு சிரியாக் மொழியிலேயே தொடர்ந்த போதிலும், உரோமை வழக்குக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கொல்லத்தில் தமிழ் நூல் பிறந்து 21 ஆண்டுகளே கடந்திருந்தன. தமிழ், புதியோர்க்குக் கற்பிக்கும் மொழியாக வந்தது, வரவேற்கப்பட்டது. சிரியாக், பீடத்தில் தனக்கென ஒரு மரபுடன் நின்றது, ஐயத்துக்கு உள்ளானது. ஒரே சீர்திருத்தம் ஒரு மொழிக்கு அச்சையும் ஒரு மொழியின் நூல்களுக்கு அழிவையும் தந்தது.

7. முடிவுரை

திரெந்து சங்கம் ஏற்றதாகத் தோன்றவில்லை என்று விலக்கியது 400 ஆண்டுகள் நீடித்தது. திருப்பலியில் மக்கள்மொழிக்கு வழிதிறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிடப்பட்டது. திரெந்து நிறைவுற்ற நாளின் 400ஆம் ஆண்டு அது. இடைப்பட்ட காலத்தில் பீடத்தில் அமராத மொழிகள் வகுப்பறையில் வளர்ந்தன: இலக்கணமும் அகராதியும் அச்செழுத்தும் உரைநடையும் பெற்றன. பீடம் அவற்றை ஏற்க முன்வந்தபோது அவை ஆயத்தமாக இருந்தன.

நம் நாட்டிலும் தமிழுக்கு எல்லா அவைகளிலும் இடமில்லை. இடமில்லாத அவைகளை எண்ணி வருந்துவது இயல்பு. எனினும் இடம் உள்ள வகுப்பறையில் நாம் என்ன ஆக்குகிறோம், எந்த நூலை எழுதுகிறோம், எவரை ஆசிரியராக உருவாக்குகிறோம் என்பதே மொழியின் வருங்காலத்தை நிறுவும். 16 பக்கச் சிறுநூல் ஒன்று தமிழ் அச்சின் தொடக்கமாயிற்று. அது பாடநூலாகப் பிறந்தது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற் கொள்ளுதல் நன்று.