ரொட்டிக்கடை வழக்கும் நம் 21-ஆம் பிரிவும்

தொழிலாளர் நீதிமன்ற அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தும் அடுக்கி வைத்தும் என் உத்தியோக காலம் ஓடிவிட்டது. சட்டம் படித்தவன் இல்லை நான். ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே! ஒரு நாள் மூத்த வக்கீல் ஒருவர் வாதத்தின் நடுவே "லாக்னர் காலத்துக்கே நம்மைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்" என்று சத்தம் போட்டார். லாக்னர் என்பது ஏதோ வெள்ளைக்கார கலெக்டரின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த மனிதர் அமெரிக்காவில் ரொட்டி சுட்டு விற்றவர் என்று. அவருடைய கடையில் ஆரம்பித்த விஷயம் நம் அரசியல் சட்டம் வரை வந்து சேர்ந்த கதையை இன்று சொல்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் யூட்டிகா என்று ஓர் ஊர். அங்கே பேக்கரி வைத்திருந்தவர் ஜோசப் லாக்னர். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். அந்தக் காலத்தில் நியூயார்க் நகரத்து பேக்கரிகள் பல, குடியிருப்புக் கட்டிடங்களின் நிலவறைகளில் இருந்தன. வெளிச்சம் கிடையாது, காற்று கிடையாது. அடுப்புச் சூடும் மாவுத் தூசியும்தான். ராத்திரி முழுக்க வேலை. வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கியவர்களும் உண்டு. இதைப் பார்த்துத்தான் 1895-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பேக்கரித் தொழிலாளி ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சட்டமன்றத்தில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

லாக்னர் ஒரு தொழிலாளியை 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விட்டார் என்று வழக்கு வந்தது. அவருக்கு இது இரண்டாவது தடவை. 50 டாலர் அபராதம். மனிதர் விடவில்லை. மாநிலத்தின் இரண்டு மேல் நீதிமன்றங்களிலும் தோற்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஹென்றி வெய்ஸ்மன். இவர் யார் தெரியுமா? முன்பு பேக்கரித் தொழிலாளர் சங்கத்தில் இருந்து, இதே சட்டம் வர வேண்டும் என்று பாடுபட்டவர். பிறகு தாமே பேக்கரி முதலாளி ஆனார், பிறகு சட்டம் பயின்றார். கட்சி மாறுவது நம் ஊர் சமாசாரம் மட்டும் இல்லை!

1905 ஏப்ரல் 17-இல் தீர்ப்பு. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் லாக்னர் ஜெயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெக்கம். அவர் பிடித்துக்கொண்டது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தை. உரிய சட்ட முறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. "டியூ பிராசஸ்" என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பாதுகாப்பை மனதில் வைத்து 1868-இல் வந்த திருத்தம் அது. பெக்கம் என்ன சொன்னார்? எத்தனை மணி நேரம் வேலை வாங்குவது, எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ள முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உரிமை இருக்கிறது, அதுவும் சுதந்திரம்தான், அரசாங்கம் அதில் கை வைக்க முடியாது என்றார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் நீதிமன்ற வராந்தா ஞாபகம் வந்தது. வேலை போன ஒரு பெரியவர், தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பற்றிச் சொன்னார்: "போட்டது நான்தான் சார். போடாமல் எங்கே போவது?" பேச்சுவார்த்தை என்பது இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச முடிகிறபோதுதானே?

எதிர்த்து எழுதிய நாலு பேரில் நீதிபதி ஹார்லனும் அவருடன் சேர்ந்த இருவரும் பேக்கரித் தொழிலாளியின் உடல்நிலையைப் பற்றிப் பேசினார்கள். நாலாவது ஆள் ஹோம்ஸ். தனியாக, சில பத்திகளில் முடித்துவிட்டார். எந்த ஒரு பொருளாதாரக் கொள்கையையும் நிலைநாட்ட அரசியல் சட்டம் எழுதப்படவில்லை, ஒரு சட்டம் நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது நீதிபதியின் வேலை இல்லை என்பதே சாரம். அன்றைக்குத் தோற்ற இந்தச் சிறு தீர்ப்பைத்தான் இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

அடுத்து வந்த 1908-ஆம் வருஷத்து வழக்கு வேறு மாதிரி. ஆரெகன் மாநிலத்தில் முல்லர் என்கிற சலவைக்கடைக்காரர், ஒரு பெண்ணிடம் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கியதற்காக 10 டாலர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. சட்டத்தைக் காப்பாற்ற வந்த வக்கீல் லூயி பிராண்டைஸ். அவருடைய மைத்துனி ஜோசஃபின் கோல்ட்மார்க் ஆட்களை வைத்துக்கொண்டு நூலகம் நூலகமாக அலைந்து, தொழிற்சாலை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் எழுதிய அறிக்கைகளைத் திரட்டினார். நூறு பக்கத்துக்கு மேல் நீண்ட அந்த வாதத்தில் சட்டம் பற்றி இருந்தது சுமார் இரண்டு பக்கம்தான். மற்றதெல்லாம் உலக அனுபவம். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்றார்கள். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் என்ன? பெண் உடலால் பலவீனமானவள், தாயாக வேண்டியவள், அதனால் பாதுகாப்பு வேண்டும் என்பது. அப்போதைக்கு வெற்றிதான். ஆனால் அதே வார்த்தைகளைக் காட்டிப் பின்னால் பெண்களுக்குப் பல கதவுகளை மூடவும் முடிந்தது.

பிராண்டைஸ் 1916-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகிவிட, அவர் விட்ட வேலையை எடுத்துக்கொண்டவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1917-இல் ஆண் தொழிலாளர்களின் வேலை நேர வழக்கில் ஜெயித்தார். 1923-இல் வாஷிங்டன் நகரப் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்காக வாதாடினார், ஐந்துக்கு மூன்று என்று தோற்றார். இதற்கிடையே 1918-இல், குழந்தைத் தொழிலாளர்கள் செய்த பொருளை மாநில எல்லை தாண்டி அனுப்பக் கூடாது என்ற மத்திய சட்டத்தையும் நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று தள்ளியிருந்தது. மக்கள் பிரதிநிதிகள் சட்டம் போடுவதும் ஐந்து நீதிபதிகள் அதைக் கிழிப்பதுமாகக் காலம் போனது.

முடிவு 1937 மார்ச் 29-இல் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்த எல்சி பாரிஷ், குறைந்தபட்சக் கூலிப்படி தனக்கு வர வேண்டிய 216 டாலர் 19 சென்ட் பாக்கியைக் கேட்டார். மறுபடியும் ஐந்துக்கு நாலு, இந்தத் தடவை தொழிலாளி பக்கம். 1923 தீர்ப்பு செல்லாமல் போனது. லாக்னர் காலமும் அத்தோடு முடிந்தது.

சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். இனிமேல்தான் நம் கதை.

1947 கடைசியில், நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போனார். அங்கே அவர் சந்தித்தவர்களில் ஒருவர் ஃபிராங்க்ஃபர்ட்டர். அப்போது அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி. தோற்ற வழக்கின் காயம் ஆறாத மனிதர் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். "டியூ பிராசஸ்" வாசகம் ஜனநாயகத்துக்கு ஒத்து வராது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் போடும் சட்டத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள் ரத்து செய்ய அது வழி விடும் என்பது அவர் கருத்து. ராவ் அதைத் திரும்பி வந்து சொன்னார்.

1948 பிப்ரவரியில் வெளியான வரைவில் அந்த வாசகம் இல்லை. "சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி" என்று மாறியிருந்தது. ஜப்பானின் புதிய அரசியல் சட்டத்திலிருந்து எடுத்த சொற்கள் அவை. நம் சென்னையின் பெரிய வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இதை ஆதரித்தார். அமெரிக்க நீதிமன்றம் போன போக்கைப் பார்த்தால், அந்த வாசகம் சமூகச் சட்டங்களுக்கு முட்டுக்கட்டை ஆகும் என்று சபையில் பேசினார். 1948 டிசம்பர் 13-இல் அம்பேத்கர் எந்தப் பக்கமும் சாயவில்லை. கட்சி ஆட்களால் நிரம்பிய சட்டமன்றம் மனிதனின் உரிமையை நசுக்கலாம், ஐந்தாறு நீதிபதிகள் நல்ல சட்டத்தைக் கெடுக்கலாம், இரண்டுமே ஆபத்து, சபையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். சபை பழைய வாசகத்தை வேண்டாம் என்றது. அதுதான் இன்றைய 21-ஆம் பிரிவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புகளை அடுத்த வருஷம் அம்பேத்கர் தனியாகக் கொண்டு வந்தார். அது 22-ஆம் பிரிவு.

விலை உடனே தெரிந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சென்னை மாகாணத்தில் காவலில் இருந்தார். குடியரசு பிறந்த பிறகும் வெளியே வர முடியவில்லை. 1950 மார்ச்சில் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் இன்னோர் உத்தரவு கையில் கொடுத்தார்கள். அவருக்காக எம்.கே.நம்பியார் வாதாடினார். சட்டம் என்றால் நியாயமான சட்டம் என்றுதானே பொருள் என்று கேட்டார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. அமெரிக்க வாசகத்தை நம்மவர்கள் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள், சட்டமன்றம் போட்டது சட்டம், அதன்படி நடந்தால் போதும் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் இந்த வாசகத்துக்கு விரிவான பொருள் கொடுத்து மாறுபட்டார்.

அந்தப் பொருள் நம் நீதிமன்றத்தில் ஏற்க 28 வருஷம் ஆனது. நடுவில் எமர்ஜென்சியும் வந்து போனது. 1978 ஜனவரியில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில்தான், நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசல் வழியாக அனுப்பியது ஜன்னல் வழியாக வந்துவிட்டது!

ஃபிராங்க்ஃபர்ட்டர் சொன்னது தப்பா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தொழிலாளிக்கான சட்டத்தை நீதிமன்றம் கிழித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஜமீன் ஒழிப்பு போன்ற வேலைகள் முன்னே நின்ற நேரத்தில் நம் பெரியவர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் பேக்கரி முதலாளியின் ஒப்பந்தத்துக்குப் போட்ட பூட்டு, சிறைக்குள் இருந்த ஒரு மனிதனின் கதவிலும் விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே சொல்லுக்குள், சுதந்திரம் என்ற சொல்லுக்குள், இருந்ததுதான் சிக்கல்.

அந்த மூத்த வக்கீல் இப்போது இல்லை. அன்று அவர் சத்தம் போட்டது ஏன் என்று கேட்டிருக்கலாம். கட்டு எடுத்துக் கொடுக்கிறவன் கேட்பதா என்று தயங்கிவிட்டேன்.