ஃபொண்டூ: ஒரு தேசிய உணவு உருவாக்கப்பட்ட கதை

சுவிற்சர்லாந்து என்றதும் எம்மவர்களுக்கு நினைவில் வருபவை கைக்கடிகாரம், சொக்கலேட், வங்கி, பனிமலை ஆகியவையே. அங்கு சில காலம் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்ப்பார்கள். அதுதான் ஃபொண்டூ. சீஸ் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பாற்கட்டியை வெள்ளை வைனில் உருக்கி, மேசையின் நடுவே ஒரு சிறு சுவாலையின் மேல் சட்டியோடு வைத்து, நீண்ட முள்ளுக்கரண்டியில் குத்திய பாண் துண்டை அதில் தோய்த்துச் சாப்பிடும் உணவு அது. 1983 ஜூலைக்குப் பின்னர் அகதிகளாக அந்நாட்டுக்குச் சென்ற எம்மவர்களில் கணிசமானோர் உணவகச் சமையற்கூடங்களிலேயே முதல் வேலையைத் தேடிக்கொண்டார்கள். ஃபொண்டூவைத் தாம் முதன்முதலில் அறிந்தது அதன் சுவையால் அல்ல, அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக் கழுவியதால்தான் என்று அவர்களில் சிலர் என்னிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

இந்த உணவுக்கு ஒரு பூர்வகதை சொல்லப்படுகிறது. அல்ப்ஸ் மலைச்சாரலில் கடும் பனிக்காலத்தில் வெளியுலகத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்த ஏழை இடையர்கள், காய்ந்துபோன பாணையும் இறுகிப்போன பாற்கட்டியையும் வீணாக்காமல் உண்பதற்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதனைக் கண்டுபிடித்தார்கள் என்பதே அக்கதை. உல்லாசப் பயணத் துண்டுப்பிரசுரங்களிலும் உணவகப் பட்டியல்களிலும் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் இதனை வாசிக்கலாம். ஒரே செய்தி பல இடங்களில் ஒரே சொற்களில் வெளிவந்தால், அதன் பின்னால் யாரோ விநியோகித்த ஓர் அறிக்கை இருக்கும் என்பது பத்திரிகை அலுவலகங்களில் காலந்தள்ளிய என் போன்றவர்களுக்குப் பழகிப்போன உண்மை. ஃபொண்டூ விடயத்திலும் அதுவே நடந்திருக்கிறது.

எழுத்தில் கிடைக்கும் சான்றுகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. பாற்கட்டியை வைனில் சமைக்கும் முறையொன்று 1699ஆம் ஆண்டுக்குரிய சூரிச் நகரச் சமையற் குறிப்பேடு ஒன்றில் காணப்படுகிறது. அதை எழுதியவர் அன்னா மார்கரெத்தா கெஸ்னர் என்ற பெண்மணி. சூரிச் மலைக்கிராமமன்று, செல்வச் செழிப்புள்ள நகரம். ‘ஃபொண்டூ’ என்பதோ ‘உருக்கியது’ என்று பொருள்படும் பிறெஞ்சுச் சொல். அந்தப் பெயரில் அக்காலத்தில் வழங்கியது இன்றைய உணவன்று. பிரான்ஸின் புகழ்பெற்ற உணவு எழுத்தாளர் பிறியா-சவறன் 1825இல் வெளியிட்ட நூலில் ஃபொண்டூ செய்முறையொன்று உண்டு. முட்டைகளை நிறுத்து, அந்த நிறையில் மூன்றிலொரு பங்கு கிறுயேர் பாற்கட்டியும் ஆறிலொரு பங்கு வெண்ணெயும் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர். பாற்கட்டி கலந்த முட்டைப் பொரியல் என்றே அதனைச் சொல்லலாம்.

இந்த பிறியா-சவறனும் ஓர் அகதியாக வாழ்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிறெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக் காலத்தில் உயிர்தப்பி முதலில் சுவிற்சர்லாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் ஓடியவர். பொஸ்டன் நகரில் உணவகம் நடத்திய ஜூலியன் என்ற சக பிறெஞ்சுக்காரருக்கு இந்தச் செய்முறையைக் கற்றுக்கொடுத்ததாகவும், அது அங்கே பெரிதும் விரும்பப்பட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். நாடிழந்தவன் கையோடு கொண்டுபோகக் கூடியவற்றுள் சமையல் முக்கியமானது என்பதை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முட்டை நீங்கி, பாற்கட்டியும் வைனும் மட்டும் சேர்ந்த இன்றைய வடிவம் ஃபொண்டூ என்ற பெயரோடு அச்சில் தெளிவாகத் தென்படுவது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலாண்டில்தான். 1905இல் சோளமா சுவிற்சர்லாந்துக்கு அறிமுகமான பின்னரே, திரளாமலும் எண்ணெய் பிரியாமலும் வழுவழுப்பாகச் செய்வது எல்லோருக்கும் இலகுவாயிற்று. ஏழை இடையர் கதையில் பொருளாதாரமும் இடிக்கிறது. கிறுயேர் போன்ற பாற்கட்டி, மலைவாழ் மக்கள் விற்றுப் பணமாக்கிய ஏற்றுமதிப் பண்டம். அதனைத் தலைக்கு இருநூறு கிராம் வீதம் ஒரே வேளையில் உருக்கி உண்பது ஏழை வீட்டில் நடக்கக்கூடிய காரியமன்று.

அப்படியானால் இது தேசிய உணவானது எவ்வாறு? 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது ‘சுவிஸ் பாற்கட்டி ஒன்றியம்’ என்ற அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. அரசின் ஆதரவோடு இயங்கிய இந்த வணிகக் கூட்டு, பாற்கட்டியின் கொள்வனவு, விலை, ஏற்றுமதி ஆகியவற்றைத் தன் கைக்குள் வைத்திருந்தது. எமென்டாலர், கிறுயேர், ஸ்பிறின்ஸ் என்ற மூன்று வகைகளுக்கே அது முதன்மை கொடுத்தது. விலைக்கு உத்தரவாதம் இருந்ததால் உற்பத்தி பெருகியது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை சுருங்கவே, தேங்கிய பாற்கட்டியை உள்நாட்டு மக்களைக் கொண்டே உண்பிக்க வேண்டிய தேவை எழுந்தது. ஒருவர் ஒரே அமர்வில் மிக அதிகமான பாற்கட்டியை உண்ணக்கூடிய உணவு எது? மேற்கே, பிறெஞ்சு மொழி பேசும் பகுதிகளில் பெரிதும் வழக்கிலிருந்த ஃபொண்டூ நாடு முழுவதற்குமான உணவாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் உரியவை என்று சொல்லி, அதுவரை இல்லாத ‘பாரம்பரியச்’ செய்முறைகளும் உருவாக்கப்பட்டன.

காலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. வடக்கே ஹிட்லர், தெற்கே முசோலினி. இனத்தாலும் மொழியாலும் நாடுகள் வரையறுக்கப்படவேண்டும் என்ற கூச்சல் ஐரோப்பாவை உலுக்கிய அந்நாட்களில், ஜேர்மனும் பிறெஞ்சும் இத்தாலியமும் பேசும் மக்கள் ஒரே நாடாக இருப்பதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. ‘ஆன்மிகத் தேசப் பாதுகாப்பு’ என்று அவர்கள் அழைத்த இயக்கம் அதனைப் பண்பாட்டில் தேடியது. 1938 பெப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் மட்டுமே பேசிய ரோமான்ஷ் மொழி நான்காவது தேசிய மொழியாக ஏற்கப்பட்டது. வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆதரவளித்தார்கள். எல்லோரும் ஒரே சட்டியில் தோய்த்து உண்ணும் உணவு இந்த மனநிலைக்குப் பொருத்தமான சின்னமாயிற்று. போர் முடிந்து பங்கீட்டு முறையும் நீங்கிய பின்னர், ஒன்றியம் இராணுவப் படைப்பிரிவுகளுக்கும் விழா ஏற்பாட்டாளர்களுக்கும் ஃபொண்டூச் சட்டிகளையும் உபகரணங்களையும் அனுப்பிவைத்தது. கட்டாயப் படைச்சேவைக்கு வந்த இளைஞர்கள் அந்தச் சுவையைத் தத்தம் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் சுவிஸ் மண்டபத்தின் வழியாக அது அமெரிக்கர்களிடையேயும் பரவியது.

இனி, வீட்டில் செய்துபார்க்க விரும்பும் வாசகர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 200 கிராம் பாற்கட்டியும் 100 மில்லிலீற்றர் புளிப்புள்ள வெள்ளை வைனும் என்பது எளிய கணக்கு. நால்வருக்கு 400 கிராம் கிறுயேரும் 400 கிராம் ஃபிறிபூர்க் வஷ்றனும் எடுத்தால் அதுவே ‘பாதிக்குப் பாதி’ எனப்படும் புகழ்பெற்ற கலவை. கனமான சட்டியின் உட்புறத்தில் வெட்டிய உள்ளிப் பல்லைத் தேய்த்து, வைனை ஊற்றிக் கொதிக்கும் தறுவாய் வரை சூடாக்குங்கள். துருவிய கிறுயேரைப் பிடிபிடியாகப் போட்டு, இடைவிடாது மரக்கரண்டியால் எட்டு எழுதுவதுபோலக் கிளறுங்கள். அது உருகியதும், மூன்று தேக்கரண்டி சோளமாவைச் சிறிது செறிப்பழச் சாராயத்திலோ வைனிலோ கரைத்துச் சேர்த்து, கலவை தடித்தவுடன் நெருப்பைக் குறைத்துவிடுங்கள். வஷ்றனை இறுதியாகச் சேர்த்து இளஞ்சூட்டில் உருக்குங்கள்; அதன் பின்னர் கொதிக்கவிடக் கூடாது. மேலே மிளகுத்தூளும் சிறிது சாதிக்காய்த் தூளும் தூவலாம். பாண் முதல்நாள் சுட்டதாகவும், ஒவ்வொரு துண்டிலும் சிறிது ஓரம் உள்ளதாகவும் இருக்கட்டும். அப்போதுதான் முள்ளில் நிற்கும்.

மது அருந்தாதவர்கள் இதனால் விலகிப்போக வேண்டியதில்லை. ஃபிறிபூர்க் மாநிலத்திலேயே வஷ்றனை மாத்திரம் தண்ணீரில், மிகக் குறைந்த சூட்டில் உருக்கி, அவித்த உருளைக்கிழங்கோடு உண்ணும் வழக்கம் உண்டு. மற்றைய பாற்கட்டிகளாயின் தண்ணீரோடு தேசிக்காய்ப் புளி சேர்க்கலாம். புளிப்பு இங்கே சுவைக்காக மட்டும் வருவதன்று. பாற்கட்டியின் புரதத்தை இறுகப் பிணைத்து வைத்திருப்பது கல்சியம். வெறுமனே சூடாக்கினால் புரதம் சுருங்கி இழையாகிவிடும், கொழுப்பு எண்ணெயாகப் பிரியும். வைனிலோ தேசிக்காயிலோ உள்ள அமிலம் அந்தக் கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால் புரதம் தளர்ந்து கரைகிறது. மாப்பொருள் கொழுப்பு ஒன்றுசேர்வதைத் தடுக்கிறது. 1911இல் தூண் நகரில் வால்டர் கெர்பர், ஃபிறிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சிற்றிக் அமிலத்தின் உப்பைக் கொண்டு இதே தத்துவத்தில் பதப்படுத்திய பாற்கட்டியைச் செய்தார்கள். கொழும்புக் கடைகளில் பளபளக்கும் தாளில் சுற்றி விற்கப்படும் முக்கோணத் துண்டுகள் அந்த வழியில் வந்தவையே.

சட்டியில் பாண் துண்டைத் தவறவிட்டவர் தண்டம் கொடுக்க வேண்டும் என்பது மேசை வழக்கம். அடியில் பொருக்காகப் பிடித்திருப்பதைச் சுரண்டி எடுத்து எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். கூழ் குடித்து முடிந்தபின் பானையின் அடியில் கிடக்கும் நண்டுக்கும் கிழங்குக்கும் நடக்கும் போட்டியைக் கண்டவர்களுக்கு இதன் சுவாரசியம் விளங்கும்.

ஒன்றியத்தின் கதை அவ்வளவு சுவையாக முடியவில்லை. உத்தரவாத விலையின் சுமை ஆண்டுதோறும் பொதுநிதியின் மேல் ஏறியது. ஊழற் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. 1999இல் அது கலைக்கப்பட்டது. ஆனால் ஃபொண்டூ கலைந்துவிடவில்லை. விற்பனைக்காகச் சொல்லப்பட்ட பொய்யான பூர்வகதையின் மேல் மூன்று தலைமுறைகள் உண்மையாகவே கூடியிருந்து சாப்பிட்டுவிட்டன. இன்று அது சுவிஸ் மக்களின் பாரம்பரியம் அல்ல என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே சட்டி சமாதானத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1529இல் காப்பெல் என்ற இடத்தில் போருக்கு அணிவகுத்து நின்ற கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும், தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், பாலும் பாணும் கலந்த ஒரே அண்டாவிலிருந்து உண்டார்கள் என்ற கதை சுவிஸ் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே காப்பெலில் அவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். சீர்திருத்தத் தலைவர் சுவிங்ளி அப்போரில்தான் மாண்டார். 1847இல் மீண்டும் ஓர் உள்நாட்டுப் போர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட கூட்டாட்சி அரசியலமைப்பே அவர்களை இணைத்து நிறுத்தியது. முதலில் அதிகாரத்தைப் பங்கிட்டார்கள். சட்டி பின்னால் வந்தது. அந்தச் சட்டியைச் சுற்றி எல்லோருக்கும் உடனே இடம் கிடைத்ததுமில்லை. வெளிநாட்டவரின் தொகையைக் கட்டுப்படுத்தக் கோரி 1970இல் நடந்த வாக்கெடுப்பு தோல்வியடைந்தபோதிலும், வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் அதனை ஆதரித்தார்கள். 1980களில் சென்ற தமிழர்களும் வெறுப்பைச் சந்தித்தார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் அந்நாட்டின் பிரசைகளாக வாக்களிக்கிறார்கள். உள்ளூராட்சிச் சபைகளுக்குத் தெரிவானவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் தீவிலோ நேர்மாறானதே நடந்தது. நூற்றுக்கு ஒருவரின் மொழியைச் சுவிஸ் மக்கள் தேசிய மொழியாக ஏற்று 18 ஆண்டுகள் கழிந்த நிலையில், 1956இல், இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. யார் முதலில் வந்தவர், யாருடைய பழமை மெய்யான பழமை என்று கல்வெட்டுகளையும் காவியங்களையும் எடுத்துவைத்து நாம் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். நானும் அந்த வாதங்களைப் பத்தி பத்தியாக அச்சேற்றியவன்தான். ஒரு பாரம்பரியத்தின் வயதை அளப்பது வரலாற்றாசிரியனின் கடமை. அதில் பொய் கலந்தால் சுட்டிக்காட்டவும் வேண்டும். ஆயினும் அதன் வயதைவிட, அது மேசையைச் சுற்றி எத்தனை பேருக்கு இடம் வைக்கிறது என்பதே அதனோடு வாழப்போகிறவர்களுக்கு முக்கியமானது. 1930களில் பாற்கட்டி விற்க முனைந்த வணிகர்கள், தம்மை அறியாமலேயே அந்த விடயத்தில் எங்கள் அரசியல்வாதிகளைவிடச் சிறப்பாகச் செயற்பட்டிருக்கிறார்கள்.