மண்ணில் மறைந்திருந்த நோய்

காடழித்துத் தோட்டம் கண்ட மலாயாத் தமிழரின் வரலாற்றில் மலேரியாவும் காசநோயும் நீங்கா இடம் பெற்றுவிட்டன. ஆனால், அதே மண்ணில் மறைந்திருந்து, பிற நோய்களின் வேடம் பூண்டு மாந்தரைத் தாக்கிய மற்றொரு நோயின் பெயரைத் தமிழருள் பலர் கேட்டதுமில்லை. மெலியோய்டோசிஸ் என்பது அதன் பெயர். அந்நோய் கண்டறியப்பட்ட வரலாற்றிலேயே தமிழருக்கும் ஓர் இடம் உண்டு என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

1911-ஆம் ஆண்டில் இரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறியியல் அறிஞராக இருந்தவர் ஆல்பிரட் விட்மோர். ஆதரவற்றோர், மார்பியா மருந்துக்கு அடிமையானோர் ஆகியோரின் சடலங்களை அறுத்து ஆராய்ந்தபொழுது, நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்திருக்கக் கண்டார். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயை அது ஒத்திருந்தது. எனினும், கிளாண்டர்ஸ் கிருமி அசையாதது. இக்கிருமியோ நீந்திச் செல்லும் இயல்புடையது. ஆகவே இது புதியதொரு நோயே என்று 1912-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், உடன் ஆசிரியராக விளங்கியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி என்னும் மருத்துவர். நோய்க்கு 'விட்மோர் நோய்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. கிருஷ்ணசாமியின் பெயரோ ஏட்டளவில் நின்றுவிட்டது.

1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், ஆய்வுக்காக வளர்க்கப்பட்ட முயல்களும் கினிப் பன்றிகளும் கொள்ளைநோயால் மடிந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், வாந்திபேதி என்று ஐயுறப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளி ஒருவரை ஆராய்ந்த ஸ்டான்டன், அவரிடம் அதே கிருமியைக் கண்டார். இரங்கூனில் நோயைக் கண்டறிந்த ஏட்டில் கிருஷ்ணசாமியின் பெயர். மலாயாவில் நோயுற்ற தொழிலாளி பெயரறியாத் தமிழர்! 1921-இல் ஸ்டான்டனும் பிளெட்சரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் எனப் பெயரிட்டனர். 1932-இல் தம் ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்கினர்.

எலிகளே இந்நோயைப் பரப்புகின்றன என்று அவர்கள் கருதினர். பின்னர் வந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. 1969-இல் மலேசிய மண்ணையும் நீரையும் ஆராய்ந்து வெளியிடப்பட்ட அறிக்கை, அடர்ந்த காட்டைவிடக் காடழித்த நிலத்திலும் நெல்வயலிலும் இக்கிருமி மிகுதியாக இருப்பதைப் புலப்படுத்தியது. கிருமியின் உறைவிடம் மண்ணே என்பது தெளிவாயிற்று. காலில் உள்ள சிறு கீறலும், மழைக்காலத்துச் சேறும், மூச்சில் கலக்கும் ஈரத்துளியும் அது உடலினுள் நுழையப் போதுமான வாயில்களாகும்.

நுழைந்தபின் அது செய்வது என்ன? நம் குருதியில் உலவும் எதிர்ப்பொருள்கள் வெளியே திரியும் கிருமிகளைப் பற்றக்கூடியவை. உயிரணுவின் உள்ளே புகுந்துவிட்ட கிருமியை அவற்றால் எட்ட இயலாது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்களுக்குள்ளேயே குடிபுகும் கிருமிகளும் உண்டு. காசநோய்க் கிருமி அத்தகையது. தன்னை அடைத்து வைத்த பையோடு செரிமானப் பை இணையாதவாறு அது தடுத்துவிடுகிறது. அப்பொழுது டி அணுக்கள் துணைக்கு வருகின்றன. அவை சுரக்கும் காமா இன்டர்பெரான் என்னும் பொருள், சோர்ந்திருக்கும் விழுங்கணுவைத் தட்டி எழுப்பி, அதன் கொல்லும் ஆற்றலைப் பெருக்குகிறது. அதன்பின் உடல் கிருமியைச் சுற்றி அணுக்களால் மதில் எழுப்பிச் சிறைவைக்கிறது.

மெலியோய்டோசிஸ் கிருமி இன்னும் துணிவு மிக்கது. அது பையை உடைத்து உயிரணுவின் நடுவே குதித்துவிடுகிறது. அவ்வுயிரணுவின் புரதத்தையே வாலாக்கித் தன்னை உந்திச் செல்கிறது. அடுத்தடுத்த அணுக்களை ஒன்றாக உருக்கி இணைத்து, குருதியைத் தொடாமலே பரவவும் வல்லது. வீட்டினுள் புகுந்த கள்வன் தெருவில் இறங்காமல் சுவரைத் துளைத்தே அடுத்த வீட்டுக்குச் செல்வதற்கு இதனை ஒப்பிடலாம். இங்கும் காமா இன்டர்பெரானே காவலாகிறது. அதனைச் செயலிழக்கச் செய்த எலிகள் மிகச் சில கிருமிகளுக்கே இரையாகி மாண்டன என்பதை 1999-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது.

முற்றும் அழியாத கிருமி நெடுங்காலம் உறங்கவும் வல்லது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005-இல் வெளியான மருத்துவக் கட்டுரை கூறுகிறது. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட மலாயாத் தமிழரின் துயரத்தை அறிந்தோர்க்கு இச்செய்தி வேறொரு பொருளையும் தரும். பாதையமைத்தும் மீண்டு வந்தோருள் எவரேனும் இக்கிருமியைச் சுமந்து வந்திருப்பரோ என்னும் வினாவுக்கு விடைகூற ஏடுகள் இல்லை.

அதே 2005-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவின் அனுபவம் மலேசிய மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஆகவே இஃது இரங்கூனின் பழங்கதையன்று. ஜொகூர் மண்ணின் நிகழ்காலமாகும். நுரையீரல் நிழற்படத்தில் காசநோயைப் போலவே இந்நோய் தோன்றக்கூடும். ஆனால், காசநோய் மருந்து இதனைத் தீர்க்காது. செப்டாசிடிம் என்னும் மருந்து இறப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்பதைத் தாய்லாந்தில் நடைபெற்ற ஆய்வு 1989-இல் காட்டியது. ஊசி மருந்துக்குப் பின் சில திங்கள் மாத்திரையும் உட்கொள்ளுதல் வேண்டும். தடுப்பூசி இன்னும் கிட்டவில்லை.

இந்நோய்க்கு எளிதில் இலக்காவோர் நீரிழிவு உடையோர். இனிப்புநீர் என்று மக்கள் வழங்கும் அந்நோய், வெள்ளணுக்களின் விரைவையும் கொல்லும் திறனையும் குன்றச் செய்கிறது. மலேசிய இனத்தாருள் நீரிழிவு மிகுந்தோர் இந்தியரே என்பதைத் தேசிய நலவாழ்வு ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. செம்பனைத் தோட்டத்திலோ வீட்டுக் காய்கறிப் பாத்தியிலோ வெறுங்காலுடன் ஈரமண்ணை மிதிக்கும் நீரிழிவாளருக்கு ஒரு சோடிக் காலணியும் கையுறையும் பெருங்காவலாகும். நீங்காத காய்ச்சல் வந்தால், மண்ணோடு தமக்குள்ள தொடர்பையும் நீரிழிவையும் மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.

1917-இல் அத்தொழிலாளியின் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்னும் பெயர் இல்லை. இன்று பெயர் உண்டு, மருந்தும் உண்டு. அப்பெயரைத் தமிழ் வகுப்பறைகளில் ஒலிக்கச் செய்வதே, பெயரறியாத அத்தொழிலாளிக்குத் தமிழ்ச் சமுதாயம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.