இயற்கணிதமும் குடியுரிமையும்

ஒடுக்கப்பட்டோரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் எழுத்தறிவைப் பற்றி விரிவாகப் பேசுவர். எண்ணறிவைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுவர். ஆயினும், எழுத்தறியாதவனைப் பத்திரம் ஏமாற்றியது போலவே கணக்கறியாதவனைப் பேரேடு ஏமாற்றியது. இதனை உணர்ந்து, கணக்கு வகுப்பையே உரிமைப் போரின் களமாக்கியவர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களுள் ஒருவரான ராபர்ட் மோசஸ் (1935–2021). அவரது பணி நம் ஆசிரியர்களும் பெற்றோரும் அறியத்தக்கது.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடுத்து, நியூயார்க் நகரில் உள்ளது ஹார்லெம் பகுதி. அங்குப் பிறந்த மோசஸ், ஹார்வர்டில் தத்துவம் பயின்று, பின்னர்க் கணித ஆசிரியரானார். 1961இல் அவ்வேலையை விட்டு மிசிசிப்பி மாநிலம் சென்று வாக்காளர் பதிவு இயக்கத்தில் ஈடுபட்டார்.

அம்மாநிலத்தில் பருத்தி நிலங்களை வாரத்துக்கு உழுத கறுப்பின மக்களின் பற்று வரவுகள் நிலவுடைமையாளரின் ஏட்டில்தான் இருந்தன. அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கையில் பெரும்பாலும் கடனே மிஞ்சும். அது சரிதானா என்று பார்க்க அவர்களுக்குக் கணக்கும் தெரியாது. கேட்கத் துணிந்தால் வாழவும் முடியாது. வாக்காளராகப் பதிய வந்தோரிடம் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வர். அது சரியா தவறா என்று தீர்ப்பவர் வெள்ளை அதிகாரி. நல்ல பள்ளியை மறுத்தவர்களே, படிப்பில்லை என்று கூறி வாக்கையும் மறுத்தனர். 1964இல் அங்கு வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் பதிவு பெற்றோர் 100க்கு 7 பேருக்கும் குறைவு. மக்களைப் பதிவுக்கு அழைத்துச் சென்றமைக்காக மோசஸ் தலையில் காயமுறத் தாக்கப்பட்டார். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திற்குப் பின்னரே அத்தகைய தேர்வுகள் நின்றன.

பின்னர்ச் சில ஆண்டுகள் தான்சானியாவில் கணிதம் கற்பித்துத் திரும்பிய மோசஸ், 1982இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்தார். எட்டாம் வகுப்பில் சேர்ந்த அவருடைய மகளின் பள்ளியில் இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை. ஆசிரியையின் அழைப்பை ஏற்று, மகளுக்கும் உடன் பயின்ற சிலருக்கும் அவரே கற்பித்தார். நடுநிலைப் பள்ளியில் இயற்கணிதம் கல்லாத பிள்ளைக்கு உயர்கணிதமும் அறிவியலும் எட்டாக்கனியாகிவிடும் என்பதையும், அவ்வாறு ஒதுக்கப்படுவோருள் ஏழைகளும் கறுப்பினப் பிள்ளைகளுமே மிகுதி என்பதையும் அவர் கண்டார். கணினி யுகத்தில் கணிதமறியாதவர் புதிய பண்ணையாட்களாவர் என்பது அவர் வாதம். இவ்வாறு தோன்றியதே ‘இயற்கணிதத் திட்டம்’.

அவர் வகுத்த கற்பித்தல் முறைக்கு ஐந்து படிகள் உண்டு. முதலில் மாணவர்கள் நகரத் தொடர்வண்டியில் பயணம் செய்வர். இரண்டாவதாக, அப்பயணத்தைப் படமாக வரைவர். மூன்றாவதாக, தம் வீட்டுப் பேச்சிலேயே அதனை விவரிப்பர். நான்காவதாக, அப்பேச்சிலிருந்து தொடக்கம், முடிவு, திசை, தொலைவு ஆகிய கூறுகளைப் பிரித்து ஒழுங்குபட்ட மொழியில் எழுதுவர். குறியீடுகள் ஐந்தாவதாகவே வரும்.

தொடக்கப் பள்ளிக் கணக்கு ‘எத்தனை?’ என்று மட்டுமே கேட்கிறது. இயற்கணிதமோ ‘எந்தப் பக்கம்?’ என்றும் கேட்கிறது. இந்த இரண்டாம் கேள்வியை அறியாத பிள்ளை குறை எண்களைக் கண்டு திகைக்கிறது. எடுத்துக்காட்டாக, அவ்வூர்த் தொடர்வண்டிப் பாதையில் சென்ட்ரல் நிலையத்தைச் சுழியம் எனக் கொள்வோம். பாஸ்டனை நோக்கி மூன்றாவதாக உள்ள பார்க் தெரு நிலையம் +3. எதிர்த்திசையில் அடுத்துள்ள ஹார்வர்டு நிலையம் −1. ஹார்வர்டில் ஏறிப் பார்க் தெருவில் இறங்குபவர் நான்கு நிலையங்கள் முன்னேறுகிறார். ஆகவே 3 − (−1) = 4. கழித்தால் குறையத்தானே வேண்டும் என்ற மயக்கம் இங்கே தெளிகிறது. மனப்பாட விதிக்கு வேலையில்லை.

1990களில் மோசஸ் மீண்டும் மிசிசிப்பி சென்று, அதன் தலைநகரான ஜாக்சனில் கறுப்பின மாணவர்களுக்குக் கற்பித்தார். அவரிடம் பயின்ற இளைஞர்கள் 1996இல் தாமே ஓர் அமைப்பைத் தொடங்கித் தம்மினும் இளையோருக்குக் கணிதம் கற்பிக்கலாயினர். கற்றவர் கற்பிப்பவரானது அவ்வியக்கத்தின் பெரும் வெற்றி எனலாம்.

நம் மாலை வகுப்புகளிலும் இது இயலும். தொடர்வண்டி இல்லாத ஊரில் பேருந்து நிறுத்தங்கள் போதும். சேரிப் பிள்ளையின் பேச்சே அதற்குப் போதிய மொழி. ‘இவர்களுக்குக் கணக்கு வராது’ என்ற சொல்லை நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளனர். கணக்கு அவர்களிடம் வராமற்போகவில்லை, வரவிடாமல் தடுக்கப்பட்டது. அத்தடையை அகற்றுவது கல்விச் சங்கங்களின் கடமையாகும்.