கொச்சங்காடியில் மின்சார மிதிவண்டி

மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடியின் பெயரிலேயே நமக்குப் பழக்கமான ‘அங்காடி’ இருக்கிறது. 1344-ஆம் ஆண்டளவில் யூதர்களின் ஜெபாலயம் ஒன்று இங்கே இருந்தது. அதன் கல்வெட்டு இன்று பரதேசி ஜெபாலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது. தலைச்சுமையும் கைவண்டியும் போய்வந்த இவ்வட்டாரத்தின் குறுகலான சந்துகளில் ஒரு லாரி நுழைந்துவிட்டால், அது வெளியேறும்வரை நாம் சுவரோடு சுவராக நிற்க வேண்டியதுதான். இத்தகைய இடத்திற்கு மிதிவண்டியை விட ஏற்ற ஊர்தி ஏது?

ஆயினும், சமதரையான இவ்வூரில் மிதிவண்டிக்கு மோட்டார் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நானும் முன்பு அவ்வாறே எண்ணினேன். பங்குனி வெயிலில், உடலோடு சட்டை ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில், எதிர்க்காற்றை முகத்தில் ஏற்றுக்கொண்டு பாலத்தின் மேட்டில் மிதித்தவருக்கு விடை தெரியும்.

மின்சார மிதிவண்டி நேற்றுப் பிறந்த பொருளன்று. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தவரான ஆக்டன் போல்ட்டன் என்பார், பின்சக்கரத்தின் குடத்திலேயே மோட்டாரைப் பொருத்திய வண்டிக்கு 1895 டிசம்பர் 31-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய ஈயப் பாட்டரியோ பெருஞ்சுமை. உதவ வந்த கருவியே ஒரு பாரமாயிற்று. அதற்குள் பெட்ரோல் முந்திக்கொண்டது.

1993-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வேறொரு வழி கண்டது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ப மோட்டார் துணை செய்யும். கால் நின்றால் அதுவும் நிற்கும். லித்தியம் அயனிப் பாட்டரி 1991-இலேயே விற்பனைக்கு வந்திருந்தது. அது பின்னர் மிதிவண்டியிலும் ஏறியபோதுதான் போல்ட்டனின் கனவு நடைமுறைக்கு இசைந்தது. அப்பாட்டரிக்கு அடிகோலிய மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நம் நாட்டில் 250 வாட் ஆற்றலுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திற்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டா. நலமுள்ள ஒருவர் நெடுநேரம் மிதிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 75 வாட் என்பர். எனவே, பின்னாலிருந்து மூவர் தள்ளிவிடுவதற்கு இது சமம். சாதாரணப் பாட்டரி ஒன்றை நிரப்ப அரை யூனிட் மின்சாரமே போதும். பாட்டரியைக் கழற்றி வீட்டிற்குள் எடுத்துச் சென்று மின்னேற்றலாம் என்பது மாடிவாசிகளுக்குப் பெரிய வசதி.

எனினும் இதன் உண்மையான பயன் கணக்கில் அடங்காது. முழங்கால் வலியால் மிதிவண்டியைத் துறந்தவர் மீண்டும் அதிகாலையில் தாமே மீன் வாங்கப் போகிறார். கோட்டைக்கொச்சி வெளியில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் புரியும் நம் தமிழ்க் குடும்பங்கள் சுமக்கும் துணிமூட்டைகளைக் காணும்போதும், இவ்வண்டியின் நினைவே எனக்கு வருகிறது. அவர்களுக்கு எட்டும் விலையில் இது வந்தாலன்றி, நாம் புகழ்வதில் பொருளில்லை.

குறைகளும் உண்டு. கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும். மழைக்காலத்தில் தேங்கும் நீரில் ஓட்டலாகாது. வண்டியோ ஓசையின்றி வரும். ஆகையால் சந்து திரும்புமுன் மணியை இருமுறை அடித்துவிடுங்கள். திண்ணையில் கதை பேசுவோர் காலை மடக்கிக்கொள்ளச் சற்று அவகாசம் வேண்டுமல்லவா?