மைத்திரி என்பது பணிந்து போவதல்ல

தியானம் என்றதும் நம் தோழர்கள் பலருக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் நியாயமானதுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு, ‘கோபத்தை விடுங்கள், எல்லாம் உங்கள் மனதில்தான் இருக்கிறது’ என்று போதிக்கும் சாமியார்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியிலேயே மலம் கலக்கப்பட்ட நாட்டில், யாரைப் பார்த்து அமைதியாக உட்காரச் சொல்கிறார்கள் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், அந்தச் சாமியார்களின் சரக்கும் பவுத்தம் சொன்ன மனப்பயிற்சியும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை வரலாற்றிலிருந்து புரிந்துகொள்ளாவிட்டால், நமக்குச் சொந்தமான ஓர் ஆயுதத்தை நாமே தூக்கி எறிந்தவர்களாவோம்.

பாலி மொழியில் இந்தப் பயிற்சிக்குப் பெயர் ‘பாவனா’. உண்டாக்குதல், வளர்த்தெடுத்தல் என்பது பொருள். இன்றைய தமிழில் பாவனை என்றால் பாசாங்கு என்றாகிவிட்டது. மூலச்சொல்லில் அந்தப் பொருள் இல்லை. எண்வழிப் பாதையின் ஆறாவது அங்கமான நன்முயற்சி நான்கு வேலைகளைச் சொல்கிறது: எழாத தீய எண்ணங்களை எழவிடாமல் தடுப்பது, எழுந்துவிட்டவற்றைக் கைவிடுவது, இல்லாத நல்ல பண்புகளை உண்டாக்குவது, உண்டானவற்றைக் காத்து வளர்ப்பது. கண்ணை மூடிக்கொண்டு உலகை மறப்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இந்த முயற்சி யாருக்கு அனுமதிக்கப்பட்டது என்பதில்தான் வரலாறு தொடங்குகிறது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கே தண்டனை எழுதிவைத்தது பார்ப்பனியம். பவுத்தச் சங்கமோ தலைகீழாக நடந்தது. சாக்கிய இளவரசர்கள் துறவேற்க வந்தபோது, தங்களோடு வந்த நாவிதர் உபாலிக்கே முதலில் துறவு தரும்படி அவர்களே கேட்டுக்கொண்டதாக விநய பிடகம் கூறுகிறது. முதலில் துறவேற்றவர் மூத்தவர். மற்றவர்கள் அவரை வணங்க வேண்டும். தங்கள் குலச்செருக்கு அடங்க அதுவே வழி என்றார்கள் அவர்கள். அகந்தையை ஒழிக்கத் தனியே உட்கார்ந்து முயன்றால் போதாது, யார் யாரை வணங்குவது என்ற ஏற்பாடே மாற வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

தேரகாதையில் சுனீதர் என்ற துறவியின் பாடல்கள் இருக்கின்றன. வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் தொழிலில் பிறந்தவர். எல்லோரும் தன்னை இழிவாக நடத்தியதையும், தன் மனதைத் தாழ்த்திக்கொண்டு பலரையும் வணங்கிக் கிடந்ததையும் அவரே சொல்கிறார். கவனியுங்கள் தோழர்களே, உடல் வணங்குவதற்கு முன் மனம் தாழ்த்தப்பட்டது. சாதி செய்யும் முதல் வேலை அதுதான். சுனீதர் காவடியை இறக்கிவைத்துவிட்டுப் புத்தரிடம் போனார். ‘வா, பிக்குவே’ என்ற அழைப்பே அவருக்குத் துறவானது. பின்னர் இந்திரனும் பிரம்மனும் வந்து அவரை வணங்கியதாகப் பாடல் சொல்கிறது. தாழ்த்தப்பட்ட மனதை நிமிர்த்துவதுதான் அங்கே பயிற்சியாக இருந்தது.

அந்தப் பயிற்சியில் முக்கியமானவை நான்கு பண்புகள்: மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை. எல்லா உயிர்களிடமும் நட்பு, துன்பப்படுவோரிடம் இரக்கம், பிறர் உயர்வில் மகிழ்ச்சி, சமநிலை. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து ‘விசுத்திமக்க’ என்ற நூலை எழுதிய புத்தகோசர் இவற்றை வளர்க்கும் முறையை விரிவாகச் சொல்கிறார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் உரையொன்றில் குறிப்பிட்டவர் அவர்; அந்தக் காலத் தமிழ்நாட்டுப் பவுத்தத்துக்கு அந்நியரல்லர்.

மைத்திரியை எங்கே தொடங்குவது? தன்னிடம் என்கிறார் புத்தகோசர். பிறகு ஆசிரியர், நண்பர், வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாதவர், கடைசியில் பகைவர். இதை அவர் ஒரு சோதனையால் விளக்குகிறார். நண்பர், அயலார், பகைவர் ஆகியோருடன் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர்கள் வந்து, பலி கொடுக்க ஒருவரைத் தா என்கிறார்கள். மற்றவர்களில் ஒருவரைக் காட்டினால் மைத்திரி இல்லை. ‘என்னைக் கொண்டுபோங்கள்’ என்றாலும் மைத்திரி முழுமையாகவில்லை என்கிறார். நால்வரில் எவரையும் கொடுக்க மனம் ஒப்பாதபோதுதான் எல்லைக்கோடு உடைகிறது.

இதை நாம் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ‘உன்னைக் கொடு’ என்றே நமக்குச் சொல்லப்பட்டது. அதற்குத் தியாகம் என்றும் பக்தி என்றும் பெயர் வைத்தார்கள். பவுத்தம் அதை ஏற்கவில்லை. நீங்களும் அந்த நால்வரில் ஒருவர்.

புத்தகோசர் இன்னொன்றும் சொல்கிறார். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு தூரத்துப் பகையும் ஒரு பக்கத்துப் பகையும் உண்டு. மைத்திரிக்கு வெறுப்பு தூரத்துப் பகை. பற்று பக்கத்துப் பகை. கருணைக்குக் கொடுமை தூரத்தில், துயரத்தில் மூழ்குவது பக்கத்தில். பக்கத்துப் பகை நல்ல பண்பின் உருவிலேயே வருவதால் அதை அடையாளம் காண்பது கடினம். நம் இயக்கங்களையே பாருங்கள். சொந்த உட்சாதியின் மீதான பற்று சமூக அன்பு என்ற பெயரில் வருகிறது. தலைவர் வழிபாடு நன்றி என்ற பெயரில் வருகிறது. உபேட்சையின் பக்கத்துப் பகை அறியாமையால் வரும் அக்கறையின்மை. அடிப்பவனுக்கும் அடிவாங்குபவனுக்கும் நடுவில் நின்று ‘நான் நடுநிலை’ என்பவரிடம் இருப்பது அதுதான்.

நவீன காலத்தில் இந்த மரபை மீட்டவர் பண்டிதர் அயோத்திதாசர். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பவுத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் புத்தரின் வரலாற்றை எழுதினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் வரை அது பரவியது.

புரட்சியாளர் அம்பேத்கர் இன்னும் ஒரு படி சென்றார். முதியவர், நோயாளி, பிணம் ஆகியவற்றைக் கண்டுதான் சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியர்கள் கோலியர்கள் மீது போர் தொடுக்க முனைந்ததை எதிர்த்ததால்தான் வெளியேறினார் என்று எழுதினார். தண்ணீர்ச் சண்டையை மகத்தில் நேரில் கண்டவர் அவர். 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்து நீரைப் பருகிய நம் மக்கள் மீது சாதி இந்துக்கள் தாக்குதல் நடத்தினார்கள். திருப்பி அடிக்கத் தயாராக இருந்தவர்களை அம்பேத்கர் தடுத்து நிறுத்தினார். அது கோழைத்தனமல்ல. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. கோபம் அணையவில்லை, எங்கே எரிய வேண்டுமோ அங்கே எரிந்தது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருக்கு அவர் தந்த 22 உறுதிமொழிகளில் எண்வழிப் பாதையும் பத்துப் பாரமிதைகளும் எல்லா உயிர்களிடமும் கருணையும் இருக்கின்றன. பழைய தெய்வங்களைக் கைவிடுவதோடு அவர் நிறுத்தவில்லை. கருணை மட்டும் போதாது, மைத்திரி வேண்டும் என்று ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அழுத்திச் சொன்னார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாதிக் கொடுமைக்குத் தியானம் மருந்தல்ல. 2016இல் ரோகித் வெமுலாவை இழந்தபோது நாம் கேட்டது நீதி, மூச்சுப்பயிற்சி அல்ல. பல்கலைக்கழகங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை, வந்த பிறகும், போராட நாம் உயிரோடு இருக்க வேண்டும். ஒருவரையொருவர் வெறுக்காமல் இருக்க வேண்டும். தோழர் ஒருவர் முன்னேறும்போது வயிறு எரியாமல் இருக்க வேண்டும். முதிதையின் வேலை அதுதான்.

ஆகவே தோழர்களே, படிப்பு வட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் சேர்ந்து உட்காருவோம். முதலில் நமக்கு நலம் நினைப்போம். பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு. பகைவர் கடைசியில் வரட்டும்; புத்தகோசரே அவரைக் கடைசியில்தான் வைத்தார். எழுந்த பிறகு, அன்றைக்கான மனுவை எழுதுவோம்.

ஜெய்பீம்!